எந்த அரசரின் சாமியார்?



கிறிஸ்தவரின் முதல் விசுவாசம் ரோமாபுரிக்கா, டெல்லிக்கா என்ற கேள்வி திருவொற்றியூர்ப் பேருந்திலும் கேட்கப்படுகிறது, பட்டிமன்ற மேடையிலும் கேட்கப்படுகிறது. கேட்பவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்; பதில் சொல்லப் போகிறவர் தேவையில்லாமல் தடுமாறுகிறார். நாடு வரி கேட்கிறது, வாக்கு கேட்கிறது, சட்டத்தை மதிக்கச் சொல்கிறது. திருச்சபை மனச்சான்றோடு பேசுகிறது. ஒன்று மற்றதன் எல்லைக்குள் நுழையும்போதுதான் தகராறு. சென்னையின் வரலாற்றில் அப்படிப்பட்ட தகராறுகள் நிறைய உண்டு. அவற்றைக் கிளப்பியவர்கள் யார் என்று பார்த்தால், கோயிலில் முழந்தாளிட்டவர்களைவிட, சாமியாரைத் தங்கள் அரசின் ஆளாக அனுப்பியவர்களே அதிகம்.

சீசரின் நாணயத்தைப் பற்றிய பகுதி ஞாயிறு மறைக்கல்வியிலேயே படித்து முடித்தது; அதை விட்டுவிடலாம். அதைவிடப் பொருத்தமானவர் இராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பர், அதாவது பேதுரு. அவர் பெயரில் உள்ள முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் அரசருக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. அப்போஸ்தலர் பணிகளின் ஐந்தாம் அதிகாரத்தில் அதே பேதுரு எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதரின் கட்டளையும் கடவுளின் கட்டளையும் மோதினால் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்காத பிரசங்கியார்கள் ஏராளம். சுதந்திர தினத்தன்று முதலாவது, பள்ளிக்கூட அங்கீகாரத்தில் சிக்கல் வந்தால் இரண்டாவது என்று வசதிபோல் எடுத்துக்கொள்கிறார்கள். இது வேதத்தைப் படிப்பதல்ல, வக்காலத்து எழுதுவது.

இரண்டுக்கும் ஒரு வரிசை உண்டு. கீழ்ப்படிவது வழக்கமான கடமை, மறுப்பது விதிவிலக்கு. மறுத்தவர் அதன் விளைவை ஏற்றுக்கொள்கிறார். பேதுரு சங்கத்தாரின் தடையை மீறினார், அடியும் வாங்கினார். ஆட்களைத் திரட்டி அவர்கள்மேல் பாயவில்லை. ஏறத்தாழ கி.பி. 197இல் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் தம் நூலில் இதே நிலையைத்தான் வாதாடினார்: பேரரசருக்காகக் கிறிஸ்தவர் மன்றாடுவார்கள், ஆனால் பேரரசரைத் தெய்வம் என்று அழைக்கமாட்டார்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 2240ஆம் எண்ணில் வரி, வாக்கு, நாட்டைக் காத்தல் ஆகியவற்றைக் கடமையாக வைக்கிறது. 2242ஆம் எண்ணில், அறநெறிக்கு மாறான ஆணைக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதையும் கடமையாகவே வைக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 75ஆம் எண், நாட்டுப்பற்று வேண்டும், குறுகிய மனம் கூடாது என்கிறது. போதனை இவ்வளவுதான்; இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

நடந்தது வேறு கதை. அதைப் படிக்க ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை வரலாற்றுத் தொகுதிகளைப் போல வேறு நூல் இல்லை. ஆங்கிலேயர் கோட்டையின் பதிவேடுகளைப் பொறுமையாகப் பெயர்த்து எழுதிய மனிதர் அவர். மெட்ராஸ் டே கொண்டாட்டத்தில் பேசுபவர்கள் அந்தத் தொகுதிகளைப் பிரித்தாவது பார்க்கலாம், செய்வதில்லை.

1639இல் ஆங்கிலக் கம்பெனிக்கு இங்கே இடம் கிடைத்தபோது, கோட்டையில் வந்து குடியேறியவர்களில் போர்த்துகீசிய வழிக் கத்தோலிக்கர் பலர். சிப்பாய்களும் வணிகர்களும் அவர்களில் இருந்தனர். அவர்களுடைய சாமியார்கள் தெற்கே சாந்தோமில் இருந்தார்கள். அந்தச் சாமியார்கள் போர்த்துகல் அரசரின் ஆதரவில் இருந்தவர்கள். 1606இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமை அந்த அரசருக்கே இருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு 'பதுரவாதோ' என்று பெயர். தங்கள் மதிலுக்குள் இருப்பவர்கள் பாவசங்கீர்த்தனத்துக்காகப் பக்கத்து வல்லரசின் ஆளிடம் போய் வருவது கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. 1642இல் பெகு நாட்டுக்குப் போகும் வழியில் எப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி இங்கே வந்தார். கம்பெனிக்காரர்கள் புராட்டஸ்டண்டுகள், ஆனாலும் அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கத்தோலிக்கக் கோயில் நடத்தச் சொன்னார்கள். போர்த்துகல் சாமியாரைவிடப் பிரெஞ்சுச் சாமியார் மேல் என்ற கணக்கு அது. சாந்தோம்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1649இல் எப்ரேமைப் பிடித்துக் கோவாவின் விசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவரை மீட்க ஆங்கிலேயரோடு கோல்கொண்டா அதிகாரிகளும் நெருக்கடி கொடுக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்க மன்றத்திடமிருந்து புராட்டஸ்டண்டு வணிகர்களும் முஸ்லிம் அரசும் மீட்ட விசித்திரம் சென்னையில் நடந்திருக்கிறது.

நூறு ஆண்டு கழித்துக் கணக்கு புரண்டது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். உடன்படிக்கைப்படி 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர், பிரெஞ்சுச் சாமியார்களும் அவர்களது சபையாரும் பகைவனுக்கு உதவினார்கள் என்று குற்றஞ்சாட்டினர். கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோயில் பறிக்கப்பட்டு இடிக்கப்பட்டது. வெள்ளையர் பட்டணத்தில் கத்தோலிக்கர் வீடு வைத்திருப்பதும் தடுக்கப்பட்டது. எப்ரேம் எந்தத் தேசத்தான் என்பதற்காக இருத்திக்கொள்ளப்பட்டாரோ, அதே தேசத்துக்காக அவருடைய வாரிசுகள் துரத்தப்பட்டார்கள். வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் கட்டியிருந்த சிற்றாலயமும் பின்னர் புராட்டஸ்டண்டு மிஷனரிகளுக்குக் கொடுக்கப்பட்டது. உஸ்கானோ ஆங்கிலேயரை விட்டுப் பிரெஞ்சுக்காரரோடு சேர மறுத்தவர். பரங்கிமலைப் படிகளையும் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தையும் சொந்தச் செலவில் கட்டியவர். விசுவாசத்தை நிரூபித்தவருடைய கோயிலுக்கே அந்தக் கதி. நாட்டு விசுவாசத்தை மதத்தை வைத்து அளக்கப் புகுந்தவர்கள் எப்போதும் தப்பாகத்தான் அளந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இராயபுரத்துக் கதை இதன் மறுபக்கம். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைப் பிளந்து மசூலாப் படகு செலுத்தியவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். அவர்கள் இல்லாவிட்டால் கம்பெனியின் ஒரு மூட்டை கூடக் கரையேறியிருக்காது. 1820களில் அவர்கள் கட்டிய இராயப்பர் கோயில் இன்றும் நிற்கிறது. பிழைப்பு ஆங்கிலேயரிடம், ஞானஸ்நானம் கத்தோலிக்கச் சாமியாரிடம், பேச்சு தமிழில். லிஸ்பனில் யார் ஆண்டால் என்ன, பாரிசில் யார் ஆண்டால் என்ன என்று இருந்தவர்கள். ஆயர் நியமனச் சண்டையோ அவர்கள் தலைக்கு மேல் நடந்துகொண்டே இருந்தது. 1832இல் ரோம் தன் நேரடிப் பிரதிநிதியின் கீழ் சென்னைக்குத் தனி ஆட்சிப்பகுதி ஒன்றை அமைத்தது. 1838இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் மயிலாப்பூரில் போர்த்துகலின் அதிகாரத்தை நீக்கினார். பதுரவாதோச் சாமியார்கள் பணிய மறுத்தார்கள். 1886 உடன்படிக்கை மயிலாப்பூரைத் திரும்ப அவர்களிடம் கொடுத்தது. ஒரே ஊரில் கத்தோலிக்கருக்கு இரண்டு ஆயர்கள். இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆன பிறகுதான், 1950 ஜூலையில், போர்த்துகல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952இல் சென்னை-மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் பிறந்தது. வெளிநாட்டு அரசு உள்ளூர்ச் சபையில் கைவைத்தது என்று யாராவது குறை சொன்னால் அது உண்மை. கைவைத்தது லிஸ்பன் அரசு, அந்தக் கையை எடுக்க வைத்தது ரோம்.

சாமியாரை அவருடைய தேசத்தை வைத்து அளக்கும் நோய் புராட்டஸ்டண்டுகளையும் விடவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது ஊரறிந்தது. அதே போரில் லைப்சிக் மிஷனின் ஜெர்மன் பாதிரிமார் அடைக்கப்பட்டதும் நாடு கடத்தப்பட்டதும் அவ்வளவு பேசப்படுவதில்லை. தமிழ் லுத்தரன் சபைகள் திடீரென மேய்ப்பரின்றி நின்றன. சுவீடன் மிஷன் கைகொடுத்தது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியாக அமைந்தது.

சட்டமறுப்புக் காலத்தில் போதனைக்கும் விசுவாசத்துக்கும் நேரடி மோதல் வந்தது. 1930இல் இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாது என்ற நிலை எடுத்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அவரோடு கடிதத்தில் மல்லுக்கு நின்றார். பேராயர் கையில் பேதுருவின் திருமுகம் இருந்தது, குமரப்பா கையில் பேதுருவின் சங்கத்து விடை இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் அப்படி வாதிட்டார்கள் என்பதல்ல. அந்த வழக்கைப் படிக்க இதுதான் நல்ல வழி. குமரப்பா பலமுறை சிறை சென்றார். 'வெள்ளையனே வெளியேறு' காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனை பற்றியும் நிலைத்த பொருளாதாரம் பற்றியும் இரண்டு நூல்களை எழுதினார். அரசியல் வேறு, மதம் வேறு என்று அவர் பிரித்துக்கொள்ளவில்லை. சென்னையில் வேங்கல் சக்கரைச் செட்டியாரும் அப்படியே. கிறிஸ்துவைப் பற்றி இறையியல் நூல் எழுதியவர், தொழிற்சங்க மேடையிலும் நின்றார், இந்நகரத்தின் மேயராகவும் இருந்தார். வடசென்னை ஆலைகளின் தொழிலாளர் வரலாற்றைப் பேசுகிறவர்கள் அவருடைய மதத்தை மறந்துவிடுகிறார்கள். இறையியல் கல்லூரிகளோ அவருடைய சங்கத்தை மறந்துவிடுகின்றன.

விடுதலைக்குப் பின் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடப்படும்போது எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை 1985இல் வெளியேற்றியது. உயர்நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டு 11 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி தத்தும், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையோடு எழுந்து நின்றது அவமதிப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்தச் சபையின் கொள்கையைப் பெரும்பாலான திருச்சபைகள் ஏற்பதில்லை, கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யாரும் தயங்காமல் நாட்டுப்பண் பாடுகிறார்கள். ஆனாலும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சான்றைக் காக்கும்போது, பெரும்பான்மை கிறிஸ்தவர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் என்று அந்தப் பிரிவு வைத்திருக்கும் எல்லைகள் எல்லா மதத்தாருக்கும் ஒன்றே.

கடைசியாக, சுதந்திர தினத்தன்று கோயிலில் கொடியை எங்கே வைப்பது என்ற சின்னக் கேள்விக்கு. ஆகஸ்டு 15 கத்தோலிக்கருக்கு மாதா விண்ணேற்புத் திருநாளும் கூட. அன்று பூசை முடிந்து கோயில் வளாகத்தில் மூவர்ணக் கொடி ஏற்றுவது நல்ல பழக்கம், தொடரட்டும். காணிக்கைப் பவனியில் கொடியைப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைப்பது வேண்டாம். அது நாட்டுக்குக் குறைவான மரியாதை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. பீடத்தில் எந்த அரசின் சின்னமும், போர்த்துகலுடையதானாலும் பிரிட்டனுடையதானாலும், இருந்திருக்கக் கூடாது என்ற அதே காரணம்தான். பங்குப் பேரவையில் இதை எடுத்துச் சொன்னால் எதிர்ப்பு வரும், சொல்லத்தான் வேண்டும்.


ஆசிரியர்