கால் மணி நேரம் தள்ளிப்போடுங்கள்: ஓசிடிக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி

கேஸ் அடுப்பை அணைத்தாயிற்று. வாசலுக்கு வந்ததும், "சரியாக மூடினேனா?" என்ற எண்ணம். திரும்பப் போய்ப் பார்த்தால் மனம் அடங்கும். செருப்பை மாட்டும்போது மறுபடி கிளம்பும். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், போய்ப் பார்ப்பதால் கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த சந்தேகத்தை வளர்க்கிறது.

அச்சத்தை எதிர்கொண்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது போன்ற சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதே இதற்கு முதன்மையான உளச்சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ், 1996இல் வெளிவந்த 'பிரெயின் லாக்' நூலில், மைண்ட்ஃபுல்னெஸை, அதாவது மனதில் நடப்பதை விலகி நின்று கவனிக்கும் பழக்கத்தை ஒட்டிய நான்கு படிகளைச் சொன்னார். வீட்டில் பழக உதவும் முறை அது.

படிகளுக்கு முன், பதற்றம் இல்லாத நேரத்தில் தொடங்குங்கள். தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். மனம் ஓடும். ஓடியதைக் கண்டுகொண்டு திரும்பி வருவதுதான் பயிற்சி.

முதல் படி: சந்தேகம் தாக்கும்போது, "இது ஓசிடி எண்ணம்" என்று ஒரே ஒரு முறை பெயரிடுங்கள். மந்திரம்போல் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவே புதுச் சடங்காகிவிடும். இரண்டாவதாக, "மூளை தவறாக மணி அடிக்கிறது, ஆபத்து வந்துவிடவில்லை" என்று காரணத்தை உரிய இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது படிதான் கடினம். போய்ப் பார்ப்பதைப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் துணி மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அடக்க வேண்டாம், எங்கே இறுகுகிறது, எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனியுங்கள். பயத்தை விரட்ட மூச்சுப் பயிற்சி செய்யாதீர்கள். பயம் இருக்கும்போதே வேலையைத் தொடர்வதுதான் நோக்கம். பதினைந்து நிமிடம் முடியாவிட்டால் ஐந்தில் தொடங்குங்கள். நேரம் முடிந்ததும் உந்துதல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள்.

நான்காவது, அந்த எண்ணத்துக்குத் தரும் மதிப்பைக் குறைப்பது. முதல் மூன்றும் பழகப் பழக இது தானாகவே வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "அம்மா, நான் மூடினேனா?" என்று பத்தாவது தடவை கேட்கும் பிள்ளையிடம், "மூடிட்டப்பா" என்று சொல்வது பாசம்தான், ஆனால் அந்தப் பதிலும் நோய்க்குத் தீனி. "இது ஓசிடி கேக்கற கேள்விப்பா, நான் பதில் சொல்லல, வா, காய் நறுக்கலாம்" என்று சொல்லலாம். இதை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டு செய்யுங்கள். திடீரென்று பதிலை நிறுத்துவது கொடுமையாகத் தோன்றும்.

அன்றாட வேலையே முடங்கும் அளவுக்குத் தீவிரமாக இருந்தால், இந்தப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மருத்துவர் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனநல மாத்திரைகள் பலருக்கும் உதவுகின்றன. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.