கடற்கெளுத்தி

மீன் என்றவுடன் பளபளக்கும் செதில்களே நம் நினைவிற்கு வரும். செதிலே இல்லாத மீன்களும் உள. கெளுத்தி அத்தகையது. நூல்களில் இது கெளிறு எனவும் கெடிறு எனவும் வழங்கப்பெறும். ஆற்றிலும் குளத்திலும் வாழும் கெளுத்தியை நம்மில் பலர் அறிவர். கடலில் வாழும் கெளுத்தி இனங்களும் பல. அவற்றுள் ஒன்றாகிய புள்ளிக் கெளுத்தியின் இயல்புகளை இப்பாடத்தில் காண்போம்.

இம்மீனின் மேற்புறம் நீலங்கலந்த சாம்பல் நிறமும், வயிற்றுப்புறம் வெண்மையும் உடையவை. தோல் வழவழப்பானது. தலையை வன்மையான எலும்புக் கவசம் மூடியிருக்கும். வாயைச் சுற்றி மூன்று இணை மீசைகள் உண்டு. கலங்கல் நீரில் கண்ணுக்குப் புலனாகாத இரையை, இம்மீசைகளால் தடவியும் சுவைத்தும் இது அறிந்துகொள்ளும். இறால், நண்டு, புழு, சிறுமீன் முதலியன இதன் உணவு. வால் இரண்டாகப் பிளவுபட்டிருக்கும். வாலுக்குச் சற்று முன்னே முதுகின்மேல் சிறிய சதைத் துடுப்பு ஒன்று அமைந்துள்ளது. அதன்மேல் உள்ள கரும்புள்ளியே இவ்வினத்திற்குப் பெயர் தந்தது.

முதுகுத் துடுப்பின் முன்னே ஒன்றும், மார்புத் துடுப்புகள் இரண்டின் முன்னே ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் இதற்கு உண்டு. அவை அரம்போன்ற விளிம்பும் நஞ்சும் உடையவை. பகை நெருங்கின் முட்கள் விறைத்து நிற்கும்; ஆதலின் பிற மீன்கள் இதனை எளிதில் விழுங்க இயலா. முள் தைத்தால் கடுப்பு மிகுதியாகும். அதனால் மீனவர் முதலில் முள்ளை ஒடித்த பின்னரே மீனைக் கூடையில் இடுவர்.

சேறு படிந்த கரையோரக் கடலும், ஆறு கடலொடு கலக்கும் கழிமுகமும், உப்பங்கழியும் இதன் உறைவிடங்கள். இந்தியக் கரைகள் தொடங்கித் தென்கிழக்காசியக் கடல்கள் வரை இது பரவியுள்ளது.

இம்மீன் தன் மகவைப் பேணும் முறை வியத்தற்குரியது. பல கடல்மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றை நீரின் போக்கில் விட்டு நீங்கும். பெண் கெளுத்தியோ கோலிக்குண்டு போன்ற பெரிய முட்டைகளைச் சிலவாகவே இடும். அவற்றைக் காப்பது தாயன்று, தந்தையே. ஆண்மீன் முட்டைகளைத் தன் வாயில் ஏந்திக்கொள்ளும். குஞ்சு பொரித்துத் தாமே இரை தேடும் நிலையை அடையும்வரை, வாரக்கணக்கில் உணவின்றியே திரியும். இரை எதிர்ப்படினும் அது விழுங்குவதில்லை.

முள்ளும் கவசமும் பிற மீன்களிடமிருந்து காக்கும், வலையிலிருந்து காக்குமோ? 1980களில் கர்நாடகக் கரையோரம் இக்குடும்பத்து மீன்கள், வாயில் முட்டை ஏந்திய நிலையிலேயே, சுருக்குமடி வலைகளில் திரள்திரளாகப் பிடிபட்டன. ஒரு தந்தைமீன் அகப்படின் அதன் வாயிலுள்ள மகவு அனைத்தும் உடன் அழியும். முட்டைகள் சிலவே ஆதலின், குறைந்த இனம் மீண்டும் பெருகுதல் அரிது. பின்னர் அங்குக் கெளுத்தி வரத்துப் பெரிதும் குன்றியது.

மாணவர்களே! கடல் தரும் உணவை நாம் கொள்ளுதல் தவறன்று. ஆயினும், உயிர்கள் மகவு பேணும் காலமறிந்து வலையை விலக்குதல் வேண்டும். அவ்வாறு விலக்கினால், நாளைய மீனவனின் வலையும் வெறுமையாகாது.