கணக்கு வராது சார்!

ஏழாம் வகுப்பின் பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் தாள் நான்கு பக்கமும் நிறைந்திருந்தது. தெளிவான கையெழுத்து, அடிக்கோடிட்ட வினா எண்கள். ஆனால் ஒரு விடைகூட இல்லை. வினாத்தாளில் இருந்த கேள்விகளையே வரிசையாகப் பார்த்து எழுதியிருந்தான். இத்தகைய தாள்களை நம்மில் பலரும் திருத்தியிருப்போம். சுழியத்தைப் போட்டுவிட்டு, ‘சோம்பேறி’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போயிருப்போம். நானும் அப்படித்தான் போனேன். பிறகுதான் உறைத்தது: சோம்பேறி எதற்காக நான்கு பக்கம் எழுத வேண்டும்?

மறுநாள் தனியே அழைத்துக் கேட்டேன். “கணக்கு எனக்கு வராது சார்” என்றான். குரலில் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. தன் ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சொன்னான். அதே வாரம் விளையாட்டுப் பாடவேளையில், “18 பந்துக்கு 27 ரன், ஓவருக்கு 9 அடிச்சாப் போதும்டா!” என்று அவன் கத்தியது காதில் விழுந்தது. தாளும் பேனாவும் இல்லாமல், ஒரு நொடியில் போட்ட கணக்கு. மைதானத்தில் வந்த கணக்கு வகுப்பறைக்குள் மட்டும் ஏன் வராமல் போகிறது?

தடுப்பைத் தாண்டாத நாய்கள்

இக்கேள்விக்கு நெருக்கமான ஒன்றை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் ஆராய்ந்து 1967இல் வெளியிட்டனர். ஒரு குழு நாய்களுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் அவை என்ன செய்தாலும் அது நிற்காது. மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. பிறகு எல்லா நாய்களையும் ஒரு தாழ்வான தடுப்புள்ள பெட்டியில் விட்டனர். தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல், மூன்றாம் குழு நாய்கள் விரைவில் தாண்டக் கற்றன. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை முயலாமல் அதிர்ச்சியை அப்படியே தாங்கிக்கொண்டு கிடந்தன. விலங்குகளை இப்படித் துன்புறுத்தும் ஆய்வுக்கு இன்று ஒப்புதல் கிடைப்பது அரிது.

இங்கே கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு குழுக்களும் பட்ட வலி ஒன்றே. வேறுபட்டது ஓர் அனுபவம் மட்டும்: ‘நான் செய்வதால் ஏதாவது மாறுகிறதா, இல்லையா?’ இரண்டாம் குழுவின் நிலைக்குக் ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று பெயர் வந்தது. டொனால்ட் ஹிரோட்டோ 1974இல் மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையிலும் இதே போக்கு தெரிந்தது. நிறுத்த முடியாத இரைச்சலைக் கேட்டிருந்தவர்களில் பலர், அடுத்த கட்டத்தில் எளிதாக நிறுத்தக்கூடிய இரைச்சலையும் நிறுத்த முயலவில்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016இல், மையரும் செலிக்மனும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தையே திருத்திக்கொண்டனர். நீண்ட துன்பத்தின்போது செயலற்றுப் போவது கற்றுக்கொண்டது அன்று; அது மூளையின் இயல்பான எதிர்வினை. ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொள்ளும்போது அந்தச் செயலின்மை அடங்குகிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இத்திருத்தம் மிக முக்கியமானது. கற்க வேண்டிய ஒன்று என்றால், அதைக் கற்பிக்கவும் முடியும்.

ஒரு சொல்லுக்குள் மூன்று தீர்ப்பு

தோற்ற எல்லாரும் ஒடுங்கிவிடுவதில்லையே, ஏன்? லின் ஆப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் 1978இல் இதற்கு விடை கூறினர். தோல்வியைவிட, தோல்விக்கு ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் காரணமே முக்கியம் என்றனர். அக்காரணத்தை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். அது என்னிடம் உள்ளதா, வெளியே உள்ளதா? நிலையானதா, மாறக்கூடியதா? எல்லாவற்றுக்கும் பொருந்துவதா, இந்த ஒன்றுக்கு மட்டுமா?

‘வராது’ என்ற நம் பேச்சுச் சொல்லை இம்மூன்றிலும் வைத்துப் பாருங்கள். ‘எனக்கு’ வராது: குறை என்னிடம். ‘வராது’: நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளையும் இல்லை. ‘கணக்கு’ வராது: இந்தப் பயிற்சி மட்டுமல்ல, பாடம் முழுவதும். ‘இந்தக் கணக்கு வரவில்லை’ என்று சொல்லும் குழந்தை, நாளைக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. நம் மாணவர்களின் வாயில் எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே பலவும் விளங்கும். நம் வாயில் எது வருகிறது என்பதையும் சேர்த்தே கவனிக்கலாம்.

எளிய வெற்றி மட்டும் போதுமா?

‘எளிதான கணக்குகளைக் கொடுத்து நூற்றுக்கு நூறு வாங்க வைத்தால் நம்பிக்கை வந்துவிடும்’ என்று நாம் எண்ணுவதுண்டு. கேரல் டுவெக் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தோல்வி என்றாலே முற்றிலும் ஒடுங்கிப்போகும் 12 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தொடர்ந்து வெற்றி மட்டுமே கிடைக்கும்படி பயிற்சி. மற்றக் குழுவுக்கு இடையிடையே தோல்வியும் வரும். அப்போது ‘முயற்சி இன்னும் தேவை’ என்பது எடுத்துச் சொல்லப்படும். பயிற்சிக்குப் பிறகும், வெற்றியை மட்டுமே கண்ட குழந்தைகள் தோல்வி வந்ததும் பழையபடி துவண்டனர். இரண்டாம் குழுவினர் தாக்குப்பிடித்தனர். சிலர் முன்னைவிட நன்றாகவும் செய்தனர். ஆய்வு சிறியதுதான். ஆனால் அது காட்டிய திசை பயனுள்ளது. தோல்வியை மறைத்து வைப்பதைவிட, அதற்கு நல்ல விளக்கம் தரப் பழக்குவதே மேல்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

*தவறின் இடத்தைக் காட்டுதல்.* (–7) – 5 என்பதற்கு –2 என்று ஒரு குழந்தை எழுதுகிறது. ‘கவனமே இல்லை’ என்பது குழந்தையைப் பற்றிய தீர்ப்பு. ‘எண்கோட்டில் –7இலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாய்?’ என்பது மாற்றக்கூடிய ஒரு படியைப் பற்றிய கேள்வி.

*முயற்சியோடு வழியையும் சொல்லுதல்.* ‘நன்றாக முயற்சி செய்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தவறான வழியில் பத்து முறை முயன்ற குழந்தைக்கு அதுவே இன்னொரு அதிர்ச்சி. ‘வேறு எப்படிப் போடலாம்?’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

*இரக்கத்தில் எச்சரிக்கை.* ‘பாவம், அவனை விட்டுவிடுங்கள்’ என்ற சொல்லையும், கேட்காமலே முந்திக்கொண்டு செய்யும் உதவியையும் ‘உன்னால் முடியாது’ என்று குழந்தைகள் படித்துக்கொள்ளக்கூடும். கேள்வி கேட்டபின் பதிலுக்குச் சற்றுக் காத்திருப்பதே சில நேரங்களில் பெரிய மரியாதை.

*சிறு கட்டுப்பாட்டைக் கையில் கொடுத்தல்.* ஐந்து கணக்குகளில் எந்த மூன்றைப் போடுவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். தவறியதைத் திருத்தி மீண்டும் காட்ட வளரறி மதிப்பீட்டில் வாய்ப்புக் கொடுக்கலாம்.

இந்த விளக்கத்தின் எல்லை

ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. பேசாமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்குப் பார்வைக் குறைபாடு இருக்கலாம். செவித்திறன் குறைவு, கற்றல் குறைபாடு, பசி, தூக்கமின்மை இருக்கலாம். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். வீட்டில் வன்முறையை அனுபவிக்கும் குழந்தையிடம் ‘எல்லாம் உன் கையில்’ என்பது உதவியாகாது. அங்கே மாற வேண்டியது குழந்தையின் மனம் அன்று, சூழல்.

முன்பு விரும்பிய விளையாட்டிலும் ஆர்வம் போய், உணவும் உறக்கமும் மாறி, நண்பர்களிடமிருந்து ஒதுங்கி, இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ‘செத்துப்போகலாம்’ என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. நோயைக் கண்டறிவது நம் வேலை அன்று. கவனிப்பது, தனியே கேட்பது, தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி மருத்துவ உதவிக்கு வழிசெய்வது நம் வேலை. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி மையம் 14417 ஆகிய எண்கள் மாணவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

அந்த மாணவனோடு நான் தொடங்கியது ரன் கணக்கில். அவன் வாயால் சொன்ன 18 பந்தையும் 27 ரன்னையும் அவனையே கரும்பலகையில் எழுதச் சொன்னேன். “இதுவும் கணக்குதானா சார்?” என்று கேட்டான். அடுத்த பருவத் தேர்விலும் அவன் தேர்ச்சி பெறவில்லை. ஆனால் அந்தத் தாளில் கேள்விகள் இல்லை. ஒரு விடை எழுதி, அடித்து, அதற்குக் கீழே வேறு வழியில் மறுபடியும் போடப்பட்டிருந்தது. அதுவும் தவறுதான். அந்த இரண்டாவது வழியில் அவன் சரியாகச் செய்திருந்த படிகளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, தவறிய படியின் அருகே ‘இங்கிருந்து நாளை பார்ப்போம்’ என்று எழுதினேன்.