ஆறாம் வகுப்புக்கு வாலிபால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நடுநிலை வகுப்புகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கும் பி.இ.டி. ஆசிரியரிடம் இருப்பது 40 நிமிடம், 40 பிள்ளைகள், பல பள்ளிகளில் ஒரே ஒரு நல்ல பந்து. அணிக்கு 6 பேர் என்று முழு ஆட்டம் வைத்தால் 12 பேர் உள்ளே போவார்கள், 28 பேர் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். உள்ளே போன 12 பேரிலும் வளர்ந்த இரண்டு மூன்று பேரைத் தேடித்தான் பந்து போகும். மற்றவர்கள் பீரியட் முடியும்வரை நின்றுவிட்டு வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பந்து எத்தனை முறை பட்டது என்பதுதான் வகுப்பு நன்றாக நடந்ததா என்பதற்கு அளவு. பள்ளி அணி எத்தனை கோப்பை வாங்கியது என்பது வேறு கணக்கு.

செய்ய வேண்டியவை

வலையை இறக்கிக் கட்டுங்கள். 2.43 மீட்டர் வளர்ந்த ஆண்களுக்கான உயரம், 2.24 பெண்களுக்கானது. 11 வயதுப் பிள்ளைக்கு 2 மீட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் பந்தை எப்படியாவது அந்தப் பக்கம் தள்ளினால் போதும் என்றுதான் கை பழகும்.

ஒரு மைதானத்தைப் பல மைதானமாக்குங்கள். வலை இல்லையென்றால் நைலான் கயிறு போதும். 24 மீட்டர் கயிற்றை இரண்டு கம்பங்களுக்கோ மரங்களுக்கோ இடையே இழுத்துக் கட்டி, நடுவில் தொய்யாமல் ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்து, கண்ணுக்குத் தெரிய இடையிடையே துணித் துண்டுகளைத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்புத் தூளால் 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு போட்டால் 6 சின்ன மைதானங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு 3 பேர் என்றால் ஒரே நேரத்தில் 36 பேர் ஆடலாம். மீதி 4 பேர் பாயிண்ட் எண்ணட்டும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பந்து பற்றாதே என்பீர்கள். போட்டிப் பந்தின் எடை 260 முதல் 280 கிராம். தொடக்கத்தில் அது பிள்ளைகளுக்குக் கனம்தான். கடையில் விற்கும் லேசான பிளாஸ்டிக் பந்துகளே முதல் சில வாரங்களுக்கு நல்லவை. கை சிவந்து வலித்தால் அடுத்த பந்துக்குப் பிள்ளை கையை நீட்டாது, கண்ணை மூடிக்கொள்ளும்.

பிடித்து எறிவதில் தொடங்குங்கள். எறிபந்து ஆடிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. முதலில் பிடிக்கலாம், எறியலாம். அடுத்து, முதல் பந்தை மட்டும் கையால் தட்டி எழுப்ப வேண்டும், இரண்டாவதைப் பிடிக்கலாம். பிறகு, பந்து தரையில் ஒருமுறை குதித்தாலும் ஆட்டம் தொடரும். கடைசியில்தான் உண்மையான விதி. பந்து எங்கே விழப்போகிறது என்று கண் கணிக்கப் பழகுவது இந்தப் படிகளில்தான். ஓடிப்போய்ப் பந்துக்குக் கீழே நிற்கத் தெரிந்துவிட்டால் பாதி வாலிபால் வந்துவிட்டது.

அண்டர்ஹேண்ட் பாஸுக்கு நேரம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு. ஒரு கையை மூடி, மற்றக் கையால் அதைப் பொதிந்து, இரண்டு கட்டைவிரல்களும் பக்கம் பக்கமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். விரல்களைக் கோத்துக்கொள்ள விடாதீர்கள், பந்து தப்பிப் பட்டால் விரல் மாட்டிக்கொள்ளும். முழங்கை மடங்கக் கூடாது. பந்து பட வேண்டிய இடம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள சதைப்பகுதி. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பந்தில் சாக்பீஸ் ஒட்டியிருந்தால் சரியான இடத்தில் பட்டது என்று பிள்ளையே தெரிந்துகொள்ளும். கையை வீசுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வீசினால் பந்து தலைக்குப் பின்னால் பறக்கும். கை அப்படியே இருக்க, முழங்காலை மடக்கி நிமிர்வதில்தான் பந்து எழும்ப வேண்டும்.

சர்வீஸைக் கிட்டே இருந்து போடச் சொல்லுங்கள். 9 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. 4 மீட்டரில் கீழ்க்கை சர்வீஸ், பத்துக்கு எட்டு அந்தப் பக்கம் விழுந்தால் ஓரடி பின்னால்.

“நான்!” என்று கத்தச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் விழும் பந்துக்கு வேறு மருந்து கிடையாது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இங்கே கத்தக் கற்றுக்கொள்ளும்.

ஆட்டத்துக்கு முன் கையைப் பாருங்கள். கண்ணாடி வளையல், வாட்ச், மோதிரம் கழற்ற வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைக்கவோ இறுக்கிக் கட்டவோ பெண் பிள்ளைகளுக்கு மறைவான இடமும் இரண்டு நிமிடமும் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

ஸ்மாஷில் தொடங்காதீர்கள். பிள்ளைகள் கேட்பது அதைத்தான், தெருவில் அண்ணன்கள் அடிப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் பாஸ் வராமல் தூக்கிக் கொடுக்க ஆளில்லை, தூக்கிக் கொடுக்காமல் அடிக்க வழியில்லை. ஆறாம் வகுப்பில் ஸ்மாஷ் என்பது நான்கு பேர் வரிசையில் நின்று வலையில் அடிப்பது மட்டுமே.

இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் பிரிக்க விடாதீர்கள். கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு அன்றைய விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரியுங்கள்.

உயரத்தை வைத்து யாரையும் ஒதுக்காதீர்கள், பெயர் வைக்காதீர்கள், பிறர் வைக்கவும் விடாதீர்கள். எட்டாம் வகுப்பில் குட்டையாக இருப்பவன் பத்தாம் வகுப்பில் எப்படி இருப்பான் என்று இன்று யாருக்கும் தெரியாது. குட்டையாகவே இருந்தாலும், பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே ‘லிபரோ’ என்ற இடத்தை 1998-இல் உலகக் கூட்டமைப்பு விதியில் சேர்த்திருக்கிறது.

பழைய விதியைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே பாயிண்ட் என்பது போய்விட்டது, இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் (சர்வீஸ் முதல் பந்து விழும்வரை) பாயிண்ட் உண்டு. சர்வீஸ் வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் விசில் ஊதக்கூடாது, ஆட்டம் தொடரும். இங்கே தவறாகப் படித்த பிள்ளை வட்டாரப் போட்டியில் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

உருண்டு வந்த பந்தைக் கவனிக்காமல் ஆட்டத்தைத் தொடராதீர்கள். குதித்து இறங்கும் கால் பந்தின் மேல் விழுந்தால் கணுக்கால் போய்விடும். “பந்து!” என்று யார் கத்தினாலும் எல்லாரும் நிற்க வேண்டும்.

சுளுக்கிய விரலை இழுக்காதீர்கள். நம்மூரில் இது முதல் வைத்தியம் போல நடக்கிறது: ஒருவர் விரலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க, பிள்ளை அலற, “சரியாகிவிட்டது” என்று ஆட்டத்துக்குத் திரும்ப அனுப்புவார்கள். எலும்பில் விரிசல் இருந்தால் இழுப்பு அதைப் பெரிதாக்கிவிடும். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்துங்கள். விரல் கோணலாகத் தெரிந்தாலோ, மடக்க முடியாவிட்டாலோ, வீக்கம் வடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். பெற்றோருக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.

பந்து தவறவிட்டதற்கு மைதானத்தைச் சுற்றி ஓடவிடாதீர்கள். ஓடுவது தண்டனை என்று பழகினால் பிறகு ஓட்டத்தையும் வெறுக்கும், வாலிபாலையும் வெறுக்கும்.

பெண் பிள்ளைகளிடம் டென்னிகாய்ட் வளையத்தைக் கொடுத்து ஓரத்துக்கு அனுப்பாதீர்கள். டென்னிகாய்ட் நல்ல விளையாட்டுதான். ஆனால் வாலிபால் கம்பம் இருக்கும் இடம் பையன்களுடையது என்று பள்ளியே சொல்லிக்கொடுக்கக் கூடாது.

பந்தின் மேல் உட்கார விடாதீர்கள், காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் சொருகாதீர்கள். வால்வு கிழிந்தால் அடுத்த நிதி வரும்வரை அந்தப் பந்து மூலையில்தான் கிடக்கும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பள்ளி அணிக்கு விலை உயர்ந்த பந்து ஒன்று வாங்கும் பணத்தில், வகுப்புக்கு லேசான பந்துகள் சிலவற்றை முதலில் வாங்கிக் கொடுங்கள்.