வீட்டுத் தோட்டத்தில் முதல் 45 நாட்கள்

நெல்லும் கடலையும் பருத்தியும் பயிர் செய்து கை தேறிய விவசாயிகள் பலர் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் தோற்றுப்போகிறார்கள். ஆடிப்பட்டத்தில் ஆசையாக விதை ஊன்றுவார்கள். ஆவணி பாதியில் பார்த்தால் பாத்தியில் நாலு செடி நிற்கும். "நம் வீட்டு மண்ணுக்குக் காய்கறி வராது" என்று கைவிட்டு, மறுபடியும் சந்தையில் காசு கொடுத்துக் கீரை வாங்குவார்கள். மண்ணைக் குறை சொல்வதற்கில்லை. மடையைத் திறந்து பாய்ச்சியும், யூரியாவை வீசியும் பழகிய கையோடு ஆறடிப் பாத்தியில் இறங்கினால் இளஞ்செடி தாங்காது. வயலில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், வீட்டுத் தோட்டம் புதிதாகப் போடுபவர் புதியவர்தான்.

முதல் முறைக்கு அரை சென்ட் போதும். கொல்லையிலோ கிணற்றடியிலோ, நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பார்க்க வேண்டும். பாத்தி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் இருந்தால் இரு பக்கமும் நின்று களையெடுக்கலாம். உள்ளே மிதிக்கத் தேவையில்லை. ஒரு பாத்திக்கு நன்கு மக்கிய தொழு உரம் 5 கிலோவுக்குக் குறையாமல் இட்டுக் கொத்திவிட வேண்டும். அரைகுறையாக மக்கிய எரு கரையானையும் வேர்ப்புழுவையும் களை விதையையும் சேர்த்துக் கொண்டுவரும். கோழி வளர்க்கும் வீடாக இருந்தால் விதைப்பதற்கு முன்பே சுற்றிலும் முள் அடைத்துவிடுங்கள். கோழி கிளறிய பாத்தியில் எந்த யோசனையும் பலிக்காது.

முதலில் விதைக்க வேண்டியது முளைக்கீரை. மூன்று நான்கு நாளில் முளைத்து, 25 நாளில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். வீட்டிலுள்ளவர்களுக்கு நம்பிக்கை பிறக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. விதை மிகச் சிறியது. ஒரு பாத்திக்கு இரண்டு மூன்று சிட்டிகை விதையை இரண்டு கை மணலுடன் கலந்து தூவி, மேலாக மண்ணைக் கீறிவிட்டால் போதும். எறும்பு விதையைத் தூக்கிச் சென்றுவிடும். ஆகவே பாத்தியின் ஓரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவி வைக்கலாம். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காமல், பாதியை இந்த வாரமும் மீதியைப் பத்து நாள் கழித்தும் விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். நெருக்கமாக உள்ள இடத்தில் 15ஆம் நாளுக்கு மேல் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். கலைத்த நாற்றும் சமையலுக்கு ஆகும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டு நட வேண்டியவை. புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். காலையில் நன்றாக நின்ற நாற்று, மறுநாள் மண்ணை ஒட்டிய தண்டு கருத்து, கொத்துக் கொத்தாகச் சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல் நோய். ஈரம் தேங்கிய மண்ணில் வாழும் பூசணத்தால் வருவது. நாற்று வாடியதாக எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள்; மிச்சமுள்ளதும் போய்விடும். மேட்டுப்பாத்தி அரை அடி உயரம் இருக்கட்டும். விதையை அடர்த்தியாகக் கொட்டாமல், விரலால் கீறிய கோட்டில் இடைவெளிவிட்டுப் போடுங்கள். ட்ரைக்கோடெர்மா விரிடி பொடி கிடைத்தால் விதையில் கலந்து விதைக்கலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே அதிகம். பூவாளியால் காலையில் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாலையில் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

தண்ணீர் வேண்டுமா என்பதை மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு அங்குல ஆழத்தில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டியதில்லை. அரிசி கழுவிய தண்ணீரைப் பாத்திக்கு விடலாம். சோப்புத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள்.

தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் பிடுங்கி மாலை நேரத்தில் நடலாம். நட்ட இரண்டு மூன்று நாள் உச்சி வெயிலில் தலை தொங்கத்தான் செய்யும். பொழுது சாயும்போது நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. ஈரம் இருந்தும் மாலையிலும் நிமிராத செடிக்குத்தான் வேரில் கோளாறு. முதலில் வந்த இரண்டு வித்திலைகள் மஞ்சளாகி உதிர்வதும் நோயல்ல. அவற்றின் வேலை முடிந்துவிட்டது. இதைப் பார்த்து யூரியா இடப் போகாதீர்கள். அதிகத் தழைச்சத்து கிடைத்தால் செடி இலையாகவே வளர்ந்து, பூ எடுக்கத் தாமதிக்கும்.

வெண்டைக்கு நாற்று வேண்டாம். இரவு முழுதும் ஊறவைத்த விதையைக் குழிக்கு இரண்டாக ஊன்றி, பத்தாம் நாள் நல்ல செடியாக ஒன்றை விட்டு மற்றதைக் களைய வேண்டும். இதற்குப் பலருக்கு மனம் வராது. இரண்டையும் விட்டால் இரண்டும் குச்சியாகவே நிற்கும். இலை நரம்புகள் மஞ்சளாக வலை போல் தெரிந்தால் அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்தால் குணமாகாது. எதிர்ப்புத் திறனுள்ள ரகமாக விதைப்பது நல்லது.

பந்தலில் ஏற்றிய சுரை, புடலை, பாகல் கொடிகளில் முதலில் வரும் பூக்கள் அநேகமாக ஆண் பூக்கள். அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு, மலட்டுக்கொடி என்று வெட்டி எறிந்தவர்களும் உண்டு. பூவுக்கு அடியில் பிஞ்சு போன்ற சிறு உருவம் தெரிந்தால் அதுவே பெண் பூ. அது வரும் வரை பொறுக்க வேண்டும்.

பூச்சி விஷயத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. கீரையில் புழுவைப் பார்த்ததும், பருத்திக்கு வாங்கி மிஞ்சிய மருந்துப் புட்டியைத் தேடும் பழக்கம் இன்னும் உள்ளது. கூடவே கூடாது. பருத்திக்கு அடித்த மானோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிக்குப் பயன்படுத்த 2005இல் தடை வந்தது. ஒரு காலத்தில் வீட்டுத் தோட்டத்துக்கும் தூவச் சொன்ன பி.எச்.சி. தூளே 1997இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கீரையோ 25 நாளில் பறிப்பது. தெளித்த நஞ்சு குறைவதற்குள் குழந்தையின் தட்டுக்கு வந்துவிடும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் இளம்புழுக்கள் இலையைத் தின்பது குறையும். பெரிய புழுக்களைக் கையால் பொறுக்கலாம். அரை சென்ட்டில் அது கால் மணி நேர வேலை.

45ஆம் நாளை ஒட்டி வெண்டை பறிப்புக்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். குழம்புக்குப் போதுமான அளவு சேரட்டும் என்று செடியிலேயே விட்டால் காய் முற்றுவதுடன், செடி அடுத்த பூவையும் குறைத்துக்கொள்ளும். இதற்குள் கீரை எடுத்த பாத்தி காலியாகியிருக்கும். அதைக் கொத்தி, ஒரு கூடை எருவிட்டு, இந்த முறை கொத்தவரையை ஊன்றலாம்.