பொம்மைக்கும் ஒரு பூமி வேண்டும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பர் பெரியோர். பொம்மைக்கும் அப்படியே. வெறும் மேசைமீது நிற்கும் இடையன் வெறும் பொம்மைதான். காலடியில் புல்லும் பின்னால் ஒரு பாறையும் அமைந்துவிட்டால், அவன் உண்மையாகவே ஆடு மேய்க்கத் தொடங்கிவிடுகிறான்! அந்தத் தரையை வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைக்கும் முறையைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இங்கே தருகிறோம்.

1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தார். அங்கே இருந்தவை வைக்கோலும், தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையுமே. 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய போர்க்களத்தில் கட்டைகள் வீடுகளாயின, குச்சிகள் மரங்களாயின. நம் தமிழ்நாட்டிலோ நவராத்திரிக் கொலுவின் அருகில் மணல் பரப்பிப் 'பார்க்' கட்டுகிறோம். எங்கும் கைக்கு எட்டிய பொருளே உதவியிருக்கிறது.

பொம்மைக்கு நமக்குக் குறைவில்லை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பண்ருட்டியிலும் பொம்மைகள் செய்கிறார்கள். குறைவது அவற்றுக்கேற்ற நிலமே.

அளவு: முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள மனிதனை 15 செ.மீ. பொம்மை குறித்தால், பொம்மை பதினொன்றில் ஒரு பங்கு. எனவே 198 செ.மீ. வாசற்கதவு 18 செ.மீ. ஆக வேண்டும். முளைவிட்ட 3 செ.மீ. கேழ்வரகு, 33 செ.மீ. வளர்ந்த பயிராகத் தோன்றும். பெரிய பொம்மைகளை முன்னும் சிறியவற்றைப் பின்னும் வைத்தால் தூரம் தெரியும்.

மலை: அட்டைப் பெட்டிகளை அடுக்கி, கசக்கிய பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து மேலே ஒட்டுக. நன்றாகக் காய்ந்தபின் செம்மண்ணைக் குழைத்துப் பூசினால் பாறை தயார். தெர்மாகோல் மலை எளிதுதான். ஆனால் குப்பையில் எறிந்தால் மக்காது. காகித மலையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம்.

தரை: வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் கழுவி வெயிலில் உலர்த்தினால் உழுத மண்ணாகும். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தால் புல்தரை. சவுக்குக் கிளை நுனிகள் மரங்களாகும். தென்னை நார் கூரையாகும். உண்மைப் பயிர் வேண்டுமாயின், விழாவுக்கு ஒரு வாரம் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி, தண்ணீர் தெளித்து வருக.

குளம்: விளிம்பு உடைந்த பீங்கான் தட்டைக் கூர்முனை வெளியே தெரியாதபடி மண்ணில் புதைத்து நீர் ஊற்றினால் அழகிய குளம். பீங்கான்மேல் உள்ள பளபளப்பு கண்ணாடி போன்ற பூச்சு. அது நீரை உள்ளே விடாது. சுட்ட மண் பொம்மைக்கு அப்பூச்சு இல்லை. ஈரத்தை உறிஞ்சினால் அதன் வண்ணம் உரியும். காகிதக்கூழ் பொம்மையோ ஊறிக் கெடும். ஆகவே ஈரப் பயிருக்குள் பீங்கான் பொம்மையை நிறுத்தலாம்; மற்றவற்றை உலர்ந்த தரையில் நிறுத்துவதே நல்லது. அவற்றின் அடியில் ஓர் ஓட்டுத்துண்டு வைப்பது இன்னும் பாதுகாப்பு.

எச்சரிக்கை: வைக்கோலும் காகிதமும் நொடியில் தீப்பற்றும். குடிலுக்குள் மெழுகுவர்த்தியோ அகல் விளக்கோ ஏற்றக் கூடாது. சூடேறும் மின்விளக்கு வைக்கோலைத் தொடக் கூடாது. உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிட வேண்டும். மின்கம்பி வேலையைப் பெரியவர்களே செய்யட்டும்.

தோழியரே! பெத்லகேமைப் பஞ்சுப் பனியால் மூட வேண்டுமென்று சட்டமில்லை. நம் வயல் மண்ணும், சவுக்கும், வைக்கோலும் கொண்டு அமைத்த குடிலில் பிறந்த பாலகன், கூரை வீட்டுக் குழந்தைக்கும் சொந்தக்காரனாகத் தோன்றுவான். அதற்குக் காசு தேவையில்லை. கூர்ந்து பார்க்கும் கண்ணும் பொறுமையான கையுமே தேவை. இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே தொடங்குங்கள்.