ஐஸ்பெட்டிக்கு ஒரு காவற்காரன்

மீனும் இறைச்சியும் விற்கும் நம் வணிக அன்பர்கள், ஐஸ்பெட்டியின் குளிர் குறைந்தால் மணியடிக்கும் சிறு கருவியைத் தாமே செய்து பழகலாம். 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகை கற்போருக்கு ஏற்றது. அதன் ஊனோ வகையில் நிரலுக்குள்ள இடம் 32 கிலோபைட்தான், இவ்வேலைக்குத் தாராளம். டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரியை இணைத்து, “-12 டிகிரிக்கு மேற்சென்றால் மணியடி” என நிரல் எழுதுவது ஒரு மாலைப்பொழுது வேலை.

சோதிப்பதே பெரிது. தராசைப் படிக்கல் வைத்துப் பார்ப்பதுபோல, உணரியை உருகும் ஐஸில் வைத்துப் பாருங்கள். 0-க்கு அரை டிகிரி முன்பின் காட்டலாம். அடுத்து, கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அநேகர் இதைச் செய்வதேயில்லை! வழக்கமாகச் சேர்க்கும் நிரல் நூலகம் அப்போது -127 என்று சொல்லும். கருவியோ நல்ல குளிரென்றெண்ணி வாளாவிருக்கும். பெட்டியிலுள்ள சரக்கு கெட்டுப்போகும். இவ்வுணரியின் அளவெல்லை -55 வரைதான். ஆகவே, அதற்குக் கீழான எந்த எண் வந்தாலும் மணியடிக்குமாறு நிரலில் இன்னொரு வரி சேர்த்திடுக. அளந்து முடிக்குமுன் கேட்டால் 85 என்னும். அது உணரியின் தொடக்க எண், வெப்பமன்று.

கடைசியாக மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். ஐஸ்பெட்டியோடு காவற்காரனும் உறங்கிவிட்டால், அவனுக்குத் தனி பேட்டரி வேண்டும்.